பெரியவர் குறுக்கே பேசவில்லை

கதை கேட்கும்போது ஏன் என்று கேட்பதில் பெரியவர் பெயர் போனவர். கதாநாயகன் கதவைத் திறந்தான் என்றால் ஏன் திறந்தான். மழை பெய்தது என்றால் ஏன் பெய்தது. முழுநீளக் கதையோடு அவர் அறைக்குள் போனவர்கள், கதாநாயகன் பல் விளக்கும் இடத்தைத் தாண்ட முடியாமல் திரும்பி வந்திருக்கிறார்கள். படத் தயாரிப்பில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். அலுவலகத்தில் அவருக்கு இன்னொரு பெயர் 'ஏன்'. அவர் காதில் விழாத தூரத்தில் மட்டும்.

கதை சொல்ல வாய்ப்புக் கேட்டு வரும் அவனுக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. கதை. "கதை வந்திருக்கு, உக்காரச் சொல்லவா?" என்று மேனேஜர் உள்ளே கேட்பார். அவனும் உட்காருவான். வரவேற்பு நாற்காலியின் ரெக்சின் அவன் உட்கார்ந்தே கிழிந்தது. மற்றவர்கள் படங்களுக்கு வசனம் திருத்தியிருக்கிறான். திரையில் அவன் பெயர் வந்ததில்லை.

வீடு மனைவியின் சம்பளத்தில் ஓடியது. அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் இருந்தாள். அவளுடைய அண்ணன் குளியலறை டைல்ஸ் கடை வைத்திருந்தார். பார்க்கும்போதெல்லாம் கூப்பிடுவார்.

"மாப்ள, டைல்ஸ்லயும் கதை இருக்கு. சொல்லத்தான் ஆள் இல்ல."

இந்த ஒரு கதை. இதையும் பெரியவர் தள்ளிவிட்டால் திங்கட்கிழமை முதல் டைல்ஸ். மனைவியிடம் அவனாகத்தான் அப்படிச் சொன்னான். அவள் கேட்கவில்லை. அதுதான் அவனை உறுத்தியது.

கதை இதுதான். சினிமாவில் தேறாத ஒரு கதாசிரியன், செய்தித்தாள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறான். மங்கலான கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சாவு விளம்பரம் எழுதித் தரும் வேலை. வரிக்கு இவ்வளவு என்று கட்டணம். அவனுக்குக் கை சும்மா இருக்காது. செத்தவர்களுக்கு வாழாத வாழ்க்கையை எழுதுகிறான். கஞ்சன் வள்ளலாகிறான். முரடன் பூனைகளுக்குப் பால் வைத்தவனாகிறான். குடும்பங்கள் பூரித்துப் போகின்றன. பிறகு உயிரோடு இருப்பவர்களே வரிசையில் நிற்க ஆரம்பிக்கிறார்கள், முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள. ஒருவன் தன்னுடையதை அச்சில் பார்க்கும் ஆசையில் செத்தே போகிறான்.

முடிவு மட்டும் இல்லை. எத்தனையோ எழுதிக் கிழித்தாயிற்று. அதைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை. பெரியவரிடம் எந்தக் கதையும் ஒரே நாளில் முடிவு வரை போனதில்லை. பாதி சொன்னால் போதும், மீதிக்கு இன்னொரு நாள் கூப்பிடுவார், அதற்குள் ஏதாவது தோன்றும். அந்தத் தொழிலில் எல்லோரும் போடும் கணக்குதான்.

காலையிலேயே கூப்பிட்டார்கள். பெரியவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, வயிற்றின் மேல் கைகளைக் கோத்திருந்தார். ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"ஆரம்பி."

ஆரம்பித்தான்.

"பேப்பர் ஆபீஸ் ஏன்? பேங்க்னா என்ன?"

"பேங்க்ல சாவு விளம்பரம் எடுக்க மாட்டாங்க சார்."

"ஏன் எடுக்க மாட்டாங்க?"

அவன் பதில் சொன்னான். பெரியவர் அதற்கும் ஏன் என்றார். பூனைக்கு ஏன் பால், நாய்க்கு ஏன் இல்லை. கண்ணாடி ஏன் மங்கல். உடம்பெல்லாம் வியர்த்து, ஏசிக்கு நேராக நின்றுகொண்டு அவன் இடைவேளையை நோக்கி நகர்ந்தான். ஆபீஸ் பையன் என்று எல்லோரும் கூப்பிடும் நரைத்த தலைக்காரர் வந்து டீயை வைத்துவிட்டுப் போனார்.

உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் நிற்கும் இடம் வந்தது. "தெரு முனை வரைக்கும் வரிசை சார்" என்றான். தெரு ஏன் என்ற கேள்விக்காக நிறுத்தினான்.

கேள்வி வரவில்லை.

பெரியவரின் உதடு ஒரு பக்கமாக லேசாக ஏறியிருந்தது. சிரிப்பு மாதிரி. அவர் சிரித்து அவன் பார்த்ததில்லை. அவர் சும்மா இருக்கும்போதே முன்னால் போய்விடுவோம் என்று அவன் கதையோடு ஓடினான். அச்சில் பார்க்க ஆசைப்பட்டுச் செத்தவனின் காட்சிக்குப் போனான். 'ஏன்' வரவில்லை. அவன் பெண்டாட்டி வந்து ஒரு எழுத்துப் பிழைக்காகச் சண்டை போடும் காட்சி. அதற்கும் 'ஏன்' வரவில்லை.

முதலில் அவன் இன்னும் வேகமாகச் சொன்னான். பிறகு வேறு ஏதோ நடந்தது. குரல் இறங்கியது. கைகள் தாமாக ஓய்ந்தன. அவன் விற்பதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். அவனறிந்த வரை அவன் பேசி முடித்த வாக்கியங்கள் குறைவு. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், வெளியே யாராவது போன் பேசுவார்கள், இங்கே இவர் ஏன் என்பார். இப்போது ஒவ்வொரு வாக்கியமும் அதன் கடைசிச் சொல் வரை போய், அங்கே நின்று, அந்த அறையில் தங்கியது. ஒரு மனிதன் இப்படியும் கேட்பானா என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

மேனேஜர் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். போய்விட்டு மறுபடி வந்து பார்த்தார். பூனை நடை நடந்து போய் எல்லோரிடமும் சொன்னார்.

"பெரியவர் வாயே திறக்கல. கதை சொல்லிட்டே போகுது. அவர் கேட்டுட்டே இருக்கார்!"

கணக்குப் பிரிவு எழுந்து வந்தது. டிரைவர் வந்தார். மேல் மாடியில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்த ஆட்களிடம் ஒருவர் ஓடிப்போய் மெஷினை நிறுத்தச் சொன்னார். உள்ளிருந்து ஒரு சொல்லும் கேட்காவிட்டாலும், கதவுக்கு வெளியே எல்லோரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். அந்தக் கம்பெனியில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. உள்ளே போகத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

அவன் முடிவுக்கு வந்துவிட்டான். முடிவு இல்லாத இடத்துக்கு. நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எதிரில் அந்த அமைதி இருந்தது. அதில் காலை வைத்தான், அது தாங்கியது. ஒரு காட்சி வந்தது. அதை அவன் யோசிக்கவில்லை, வாய் சொல்லக் காது கேட்டது. சொல்லி முடித்தபோது அவன் கன்னம் நனைந்திருந்தது. அதே நேரம் சிரித்துக்கொண்டும் இருந்தான்.

"அவ்வளவுதான் சார்."

பெரியவர் அசையவில்லை. அவனும் அவசரப்படவில்லை. அப்படிக் கேட்டவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்தான்.

மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "சார், அக்ரிமென்ட் போட்டுடவா?" பதில் இல்லை. மேனேஜர் அவன் பக்கம் திரும்பிக் கண் அடித்தார். பெரியவர் மறுக்கவில்லை என்றால் சரி என்று அர்த்தம். அங்கே எல்லோருக்கும் அது தெரியும்.

ஆபீஸ் பையன் ஏடு கட்டிய டீயை எடுக்கக் குனிந்தார். கை பட்டது.

"சார் கை ஐஸ் மாதிரி இருக்கு."

"ஏசியக் குறைய்யா" என்றார் மேனேஜர்.

*

டாக்டர் வந்தார். உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றார்.

"கடைசியா எப்ப பேசினார்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாடி."

"எந்த இடைவேளை?" என்றார் டாக்டர்.

பெரியவரின் மகள் வந்தாள். தலை நரைக்கத் தொடங்கிய பெண். கம்பெனியின் பாதிப் பொறுப்பு ஏற்கெனவே அவளிடம்தான். இனி முழுவதும். அவள் அழவில்லை. அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அவர் கண்களை மூடிவிட்டாள். பிறகு உதட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சிரிக்கிறாரே."

மேனேஜரும் குனிந்து பார்த்தார்.

"என் கல்யாண போட்டோலகூட இவர் சிரிச்சதில்ல. போட்டோகிராபர் கெஞ்சினார். ஏன் சிரிக்கணும்னு கேட்டார்." அவனிடம் திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"கதை சொன்னேன் மேடம்."

"முழுசாவா?"

"முழுசா."

"முடிவு கேக்காம அவர் எதுக்கும் சரின்னு சொன்னதில்ல. முடிவு என்ன?"

அவன் வாயைத் திறந்தான். கண்ணாடித் தடுப்பு இருந்தது. வரிசை இருந்தது. எழுத்துப் பிழைச் சண்டை இருந்தது. அதற்குப் பிறகு வெறும் வெளிச்சம். கன்னம் நனைந்தது ஞாபகம் இருந்தது. எதற்கு என்பது இல்லை.

அந்த முடிவு இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் போய்விட்டார். இன்னொருவன் மறந்துவிட்டான்.

"மேடம், இப்ப... இந்த நேரத்துல..."

"சரி. நாளைக்கு அடக்கம். வாங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க. அவர் எதைக் கேட்டுச் சிரிச்சார்னு எனக்குத் தெரியணும்." அப்பாவின் கண்ணாடியை மடித்தாள். "அது நிஜமாவே அப்படி இருந்தா, அந்தப் படத்த நான் எடுப்பேன். இல்லன்னா கம்பெனிய மூடிடலாம்னு இருக்கேன்."

*

அன்று மாலை அவன் மனைவியை உட்கார வைத்துக் கதை சொன்னான். முதலிலிருந்து, அதே சொற்களில். அதே வேகத்தில் ஓடினால் அந்த இடம் மறுபடி வரும் என்று நினைத்தான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள்.

"பூனைக்குப் பால்னு போட்டா வீட்டுக்காரங்களுக்குப் பொய்னு தெரியாதா?"

"தெரியும். அவங்களுக்கும் அதான் வேணும். குறுக்க பேசாத."

"சரி சரி. சொல்லுங்க."

சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். வாய்தான் மூடியிருந்தது. கண் கேள்வி கேட்டது. எழுத்துப் பிழைச் சண்டையில் வந்து முட்டி நின்றான்.

அண்ணன் வந்தார். துக்கம் விசாரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். அவரையும் உட்கார வைத்தான். அவர் குறுக்கே பேசவில்லை. இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டார். அவன் பதறிப்போய் அவர் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தான். விழித்துக்கொண்டார்.

"என்ன மாப்ள?"

"ஒன்னுமில்ல மச்சான். மூச்சு வருதான்னு பாத்தேன்."

"உங்க கதை கேட்டா பாக்கத்தான் வேணும்" என்றார் அண்ணன். "திங்கக்கிழமை சீக்கிரம் வந்துடுங்க. லோடு இறங்குது."

அவர் போன பிறகு குளியலறைக் கண்ணாடிக்குச் சொன்னான். அலமாரிக்குச் சொன்னான். அலமாரி கேட்கவில்லை, சும்மா நின்றது. கேட்பதும் சும்மா நிற்பதும் வேறு வேறு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. இன்று காலை வரை தெரியாது.

மனைவி கதவில் சாய்ந்து நின்றாள்.

"அப்படி என்னதான் இருந்தது அவர்கிட்ட?"

"அவர் முழுசாக் கேட்டார்."

"செத்துல்ல போயிருந்தார்."

"தெரியும். ஆனா கேட்டார்."

"அப்ப அவர்கிட்டயே போய்ச் சொல்லுங்க!" எரிச்சலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, நான் சும்மா சொன்னேங்க. என்னங்க? இங்க பாருங்க."

*

மறுநாள் பெரியவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பெரியவர் நடுவில், மலர்களுக்கு இடையில், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கிடந்தார். உதடு அப்படியே ஏறியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்கள். சவப்பெட்டியைத் தூக்கும் ஆட்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஒரே மாதிரிச் சட்டை. வேலை முடிந்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டியவர்கள் நிற்கும் விதம்.

மகள் முதல் வரிசையில் இருந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் அவளிடம் போகவில்லை. நேரே பெரியவரிடம் போனான். தலைமாட்டில் ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தான். குனிந்தான்.

"சார், ஒரு பேப்பர் ஆபீஸ். மங்கலான ஒரு கண்ணாடித் தடுப்பு. அதுக்குப் பின்னாடி ஒருத்தன்."

பின்னால் இருந்தவர்கள் அவன் அழுகிறான் என்று நினைத்தார்கள். யாரோ ஒருவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கஞ்சனை வள்ளலாக்கினான். பூனைகளுக்குப் பால் வைத்தான். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அமைதி அங்கேயே இருந்தது. நேற்று விட்ட இடத்தில், அதே அகலத்தில். அவன் குரல் இறங்கியது. இறங்க இறங்கக் கூடத்தில் பேச்சுகள் நின்றன. நின்றதால் அவன் குரல் எட்டியது.

மேனேஜர் விரைந்து வந்தார். "கதை, என்ன பண்றீங்க? எழுந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க." கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க அவர" என்றாள் மகள்.

மேனேஜர் விட்டார். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் தெரு முனை வரைக்கும் வரிசையை நிறுத்திக்கொண்டிருந்தான். அச்சில் பார்க்க ஆசைப்பட்டவன் செத்தான். பெண்டாட்டி எழுத்துப் பிழைக்குச் சண்டை போட்டாள். எங்கோ ஒரு மூலையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

முடிவு இல்லாத இடம் வந்தது. அவன் பெரியவரின் முகத்தைப் பார்த்தான். பெரியவர் அவசரப்படுத்தவில்லை. அந்த முகத்துக்கு இனி எங்கும் போக வேண்டியதில்லை, எதுவும் வேண்டியதில்லை, இவன் சொல்வதைத் தவிர அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு மனிதனுக்கு முன்னால் இவ்வளவு இடம் இருக்க முடியும் என்பதே அவனை நடுங்க வைத்தது. அதில் காலை வைத்தான்.

"அப்ப ஒரு பொம்பள வர்றா சார். நம்ம விளம்பரம் எழுதறவனோட பெண்டாட்டி. உள்ள உக்காந்திருக்கிறது தன் புருஷன்னு அவளுக்குத் தெரியாது. அவன் எங்கயோ கதை சொல்லப் போயிருக்கான்னு நெனச்சிட்டிருக்கா. கண்ணாடில அவளுக்கு வெறும் நிழல்தான் தெரியுது. ஒரு விளம்பரம் குடுக்கணும்ங்கறா. இவன் குரல மாத்திக்கிட்டு, 'யாருக்கும்மா'ன்னு கேக்கறான். 'என் வீட்டுக்காரருக்கு.' 'எப்ப இறந்தார்?' 'இன்னும் இல்ல.'"

கூடத்தில் பலர் சிரித்துவிட்டார்கள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"'எல்லாரும் முன்னாடியே எழுதி வாங்கறாங்களே, அவருக்கும் ஒன்னு இருக்கட்டும்'ங்கறா. 'கொஞ்சம் நல்லதா எழுதட்டுமா, வள்ளல்னு?' 'வேணாம். நல்லாக் கதை சொல்வார்னு போடுங்க. யாரும் கேட்டதில்லன்னு போடுங்க. நான் கேட்டேன்னு போடுங்க.' இவனுக்குப் பேனா ஓடல சார். எண்ணிப் பாக்கறான். எத்தனை தடவ எண்ணினாலும் அவ கொண்டு வந்த காசுக்கு ஒரு வரி அதிகம். 'ஒரு வரி எடுக்கணும்மா, எத எடுக்கட்டும்?' அவ ரொம்ப நேரம் யோசிக்கறா. அப்புறம், 'அவர் பேர எடுத்துடுங்க'ங்கறா."

நிமிர்ந்தான். நேற்றும் இதுதான் வந்தது. இப்போது தெரிந்தது.

அப்போதுதான் கூடத்தைப் பார்த்தான். நாற்காலி நிறைய முகங்கள். எல்லாம் அவன் பக்கம். யாரும் இருமவில்லை. கதவோரத்தில் அவன் மனைவி நின்றிருந்தாள், தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

மகள் எழுந்து வந்து அப்பாவின் அருகில் நின்றாள்.

"இதுக்குத்தான் சிரிச்சாரா?"

ஒரு பொய் வாய் வரை வந்து நின்றது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

"தெரியாது மேடம். அவர் எந்த இடத்துல போனார்னே எனக்குத் தெரியாது. இது அவர் காதுல விழாமலே இருந்திருக்கலாம்."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பூவொன்று நழுவிக் கன்னத்தில் கிடந்ததை எடுத்துப் போட்டாள்.

"எனக்கு விழுந்துது" என்றாள். மேனேஜரிடம் திரும்பினாள். "இவர் பேரப் போட்டு அக்ரிமென்ட் தயார் பண்ணுங்க." மேனேஜர் பேனாவுக்குப் பையைத் துழாவினார். அவனை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் முழுப்பெயரை அவர் கேட்டதே இல்லை.

"எடுக்கலாம்" என்று சுவரோரம் நின்றவர்களுக்குச் சைகை காட்டினாள் மகள்.

அவர்கள் நகரவில்லை. அன்றைக்கு இன்னும் எத்தனையோ வீடுகளுக்குப் போக வேண்டிய ஆட்கள். அவர்களில் மூத்தவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் சிரிப்பில் இன்னும் குலுங்கின.

"ஒரு நிமிஷம்மா" என்றார். "கொஞ்சம் இருங்க. கை நடுங்குது, இப்பத் தூக்கினா சாய்ஞ்சிடும்."

கூடம் முழுவதும் காத்திருந்தது. பெரியவரும்.